கரிச்சான் சித்தருக்குப் பெண்டாட்டி கிடையாது

கரிச்சான் சித்தர் காற்றில் ஏறிக் கடலைத் தாண்டிக் கடாரத்துக்கு வந்தவர் என்பதில் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் எந்தத் தமிழனுக்கும் சந்தேகம் கிடையாது. வந்த வழியில் குவாரன்டின் முகாமில் இறங்கி அம்மை குத்திக்கொண்டாரா இல்லையா என்பதில்தான் அபிப்பிராய பேதம். அதைத் தீர்த்துவைப்பதற்கென்றே கிள்ளானில் ஒரு சபை இருந்தது.

ஸ்ரீ கரிச்சான் மாமுனிவர் சரித்திர பரிசோதனை சபை என்பது முழுப் பெயர். கடைத்தெருவில் ஒரு சீனர் மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் அது கூடும். கீழே ரம்பம் இழுக்கிற சத்தத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. ஆகையால் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. சபைக்கு ஒரு தலைவர், ஓர் உபதலைவர், ஒரு காரியதரிசி, ஓர் ஆஸ்தான பண்டிதர், ஒரு வெண்கல மணி. மணியை அடித்தால்தான் கூட்டம் முடியும். அடிக்கிற உரிமை தலைவருக்கு மட்டும். ஒருமுறை தலைவர் மறதியாகப் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் மற்றவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட கட்டுப்பாடு.

அது முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணிகளுக்கு வேலை குறைந்து பேனா மட்டும் மிஞ்சிய காலம். சித்தர் நாவல் எழுதுவது காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. எல்லா நாவலும் ஒன்றுபோலத் தொடங்கும். கும்மிருட்டு, குதிரைமேல் ஒருவன், முகத்தில் பாதி துணி. அடுத்த அத்தியாயத்தில் சுரங்கம். அதற்கடுத்ததில் குபீரென்று புகை, புகைக்குள்ளே சித்தர். சித்தர் கையை உயர்த்துவார், சோழ ராஜா காலில் விழுவான், அத்தியாயம் முடியும். மறுபடி குதிரை.

தம்புசாமி எழுதிய நாவலில் சித்தர் முதல் அத்தியாயத்திலேயே பசியோடு வீட்டுக்கு வந்தார். வீட்டில் பெண்டாட்டி இருந்தாள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

தம்புசாமிக்குக் கோலாலம்பூர் ரயில் சரக்குக் கொட்டகையில் வேலை. பெட்டிகளின் மேலும் சாக்குகளின் மேலும் கறுப்பு மையால் ஊர்ப்பேர் எழுத வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறையில் இருந்தான். முன்னே இரண்டு பேர். இப்போது அவன் மட்டும். பெண்டாட்டி தங்கமணி மலேரியாவில் போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது.

அவளைப் படம் எடுத்துவைக்க வேண்டுமென்று தம்புசாமிக்கு ஆசை இருக்கத்தான் இருந்தது. ஒருநாள் பாசார் பக்கம் ஒரு சீனர் போட்டோக் கடைக்கு அழைத்துக்கொண்டும் போனான். அங்கே திரைச்சீலையில் ஒரு நீர்வீழ்ச்சி எழுதியிருந்தது. தங்கமணி அதை ஏற இறங்கப் பார்த்தாள். "இது முன்னாடி நின்னா நனைஞ்ச கோழி மாதிரி இருப்பேன். உனக்கு வேணும்னா நீ நில்லு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஐஸ் தண்ணி வாங்கிக் குடித்தாள். அவ்வளவுதான். படம் கிடையாது. அவள் முகம் எப்படி என்று கேட்டால் லயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

ஆனால் அவள் பேச்சு தம்புசாமிக்குக் காதிலேயே இருந்தது. அதனால் அவளைக் கொண்டுபோய்ச் சோழர் காலத்தில் குடிவைத்தான். கரிச்சான் சித்தர் குளிகையை வாயில் போட்டு வானத்தில் கிளம்புவார். பெண்டாட்டி தங்கமணி கீழே நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்துவாள். திரும்பி வந்ததும் குளிகையைப் பிடுங்கிப் புளிப்பானைக்குள் ஒளித்துவைப்பாள். சோழ ராஜாவின் தூதன் வாசலில் நிற்பான். சித்தர் பரணில் ஏறிக் குளிகையைத் தேடிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பகலில் லயத்துக் குழாயடியில் தம்புசாமி இதை வாசிப்பான். தலைவாரிக்கொண்டும் அரிசி புடைத்துக்கொண்டும் பெண்கள் வந்து உட்காருவார்கள். பக்கத்து அறை வீரம்மா, ரயில் என்ஜினுக்குக் கரி தள்ளுகிறவரின் சம்சாரம், குதிரை வருகிற இடத்தில் எல்லாம் கையை ஆட்டுவாள்.

"குதிரையைத் தள்ளுங்கண்ணே. எங்காளு எப்ப வருவா? அதப் படிங்க."

இதை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் தம்புசாமியின் ஒரே ஆசை. கையெழுத்துப் பிரதி ஒன்றுதான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் கரையானுக்கு இலக்கிய ருசி அதிகம். அச்சாகிவிட்டால் தங்கமணி நாலு ஊரில் நாலு அலமாரியில் இருப்பாள். செந்தூலில் ஒருத்தி படித்துவிட்டு, 'இவ யாரு, இந்தப் போடு போடுறா' என்று கேட்பாள். அது போதும்.

ஆனால் கரிச்சான் சித்தர் பேரில் எதுவும் சபையின் முத்திரை இல்லாமல் அச்சேறக்கூடாது என்று சபை ஒரு தீர்மானம் போட்டிருந்தது. அச்சுக்கூடக்காரர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லாம் சபை அங்கத்தினர்களாக இருந்தால் கட்டுப்படாமல் என்ன செய்வது? ஆகவே தம்புசாமி கைப்பிரதியை ஒரு துவைத்த மாவுப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனான்.

காரியதரிசி சபாபதி பொதுப்பணி இலாகாவில் பெரிய கிராணி. பையைப் பிரித்து எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

"மிஸ்டர் தம்புசாமி, பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுங்க."

"நல்லது. இனிமே கொஞ்ச நாளைக்கு நேரம் கிடைக்காது."

முதல் கூட்டத்தில் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். 'மந்திரவாதி கரிச்சான்' என்று தம்புசாமி எழுதியிருந்தான். ஆஸ்தான பண்டிதர் வேலாயுதம் காதைப் பொத்திக்கொண்டார்.

"மந்திரவாதி என்பவன் கோழி அறுப்பவன் ஐயா! நம்மவர் மாமுனிவர். ஸ்ரீலஸ்ரீ போட வேண்டாமா? போடும்."

"போடுறேனுங்க. ஆனா கதையில அவரு மந்திரம் பண்ணுறாரே."

"அது மந்திரம் அல்ல. மின்சாரம்" என்றார் காரியதரிசி. "வெள்ளைக்காரன் படிச்சா சிரிக்கக்கூடாது பாருங்க."

"யாருங்க இதைப் படிக்கிற வெள்ளைக்காரன்?"

"யாரும் படிக்கிறதில்லை. படிச்சா என்ன ஆவும்னுதான் இந்தச் சபையே இருக்கு."

மணி அடித்தது. மந்திரம் மின்சாரமாயிற்று. இரண்டாவது கூட்டத்தில், சித்தர் கடலைத் தாண்டி வந்து நேராகக் கரையில் இறங்குகிற அத்தியாயத்தில் சர்க்கார் விதிகள் மீறப்பட்டிருப்பதாகக் காரியதரிசி கண்டுபிடித்தார். நாளைக்கு நாலு பேர் இதைப் படித்துவிட்டு முகாமில் நிற்காமல் போய்விட்டால் யார் ஜவாப்? ஆகவே சித்தர் முகாமில் இறங்கினார். துணியை அவித்துக் கொடுத்தார்கள், கட்டிக்கொண்டார். வலது கையில் அம்மை குத்தினார்கள். 'முனிவர்பிரான் புன்முறுவலுடன் புஜத்தை நீட்டினார்' என்று எழுதும்படி பண்டிதர் சொன்னார். தம்புசாமி எழுதினான். அம்மை குத்துகிற ஊசி சோழர் காலத்தில் ஏது என்று கேட்க வாயெடுத்தான். தலைவர் மணிமேல் கைவைத்திருந்ததால் விட்டுவிட்டான்.

அடுத்த கூட்டத்தில் அணை வந்தது. தலைவர் ராதாகிருஷ்ணன் பெரிய கன்ட்ராக்டர். கிள்ளான் பக்கத்துத் தார்ச்சடக்குகளில் பாதி அவர் போட்டது, மீதி அவர் போட்டு மழை கொண்டுபோனது. சித்தர் ஒரே ராத்திரியில் பூதங்களை ஏவி அணைகட்டினார் என்று காரியதரிசி வாசித்ததும் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரே ராத்திரியிலயா? டெண்டர் விட்டாரா?"

"பூதங்கள் கட்டினதுங்க."

"பூதமோ, ஆளோ, மேஸ்திரி யாரு? இதப் பாரு தம்புசாமி, ஒரு ராத்திரியில அணை கட்டலாம்னு ஜனங்க நம்ப ஆரம்பிச்சா, நாளைக்கு எங்களை மாதிரி ஆளுங்க ஒரு பாலத்துக்கு ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டா என்ன நினைப்பாங்க? முனிவர் பேருக்குல்ல கெட்ட பேரு! ஆறு மாசம்னு போடு. மழையினால மேற்கொண்டு ஆறு மாசம். திறப்பு விழாவுல ராஜா ரிப்பன் வெட்டுறாரு. அப்புறம் லேசா ஒரு விரிசல். அதையும் போடு, சரித்திரம்னா உண்மை இருக்கணும்."

உபதலைவர் பழனியப்ப செட்டியார் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சித்தர் இரும்பைப் பொன்னாக்குகிற இடம் வந்ததும் கண் தானாகத் திறந்தது. "வேண்டாமே" என்றார் மெதுவாக. "பொன்னை இரும்பாக்கினதா வச்சிக்குங்க. வைராக்கியத்துக்கு வைராக்கியமும் ஆச்சு, மார்க்கெட்டும் கலையாது."

இதெல்லாம் தம்புசாமிக்குப் பெரிதாகப் படவில்லை. மின்சாரம் போகட்டும், அணையில் விரிசல் விடட்டும். தங்கமணி வருகிற பக்கங்களை யாரும் தொடவில்லை, அது போதும் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் சாமி கும்பிட்டுவிட்டு வந்தான். கும்பிட்ட சாமியும் சபை அங்கத்தினர் போலிருக்கிறது. தொட்டார்கள்.

காரியதரிசி எழுந்து நின்றார். ரயில் நேரம் அறிவிக்கிற குரலில் வாசித்தார்:

"'இந்தா, வானத்துல போற ஆளே. போறதுதான் போற, போற வழியில மேகம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துட்டு வா. முத்தம் பூரா மொளகா காயப் போட்டிருக்கேன்.'"

கீழே ரம்பம்கூட நின்றுவிட்டது.

"யார் யாரைப் பார்த்துச் சொல்வது?" என்றார் பண்டிதர்.

"சித்தர் சம்சாரம், சித்தரைப் பாத்து."

"சிவ சிவா! மிளகாய்க்கு மேகம் பார்க்கவா அவர் எட்டுச் சித்திகளும் அடைந்தார்?"

"இன்னும் இருக்கு" என்று காரியதரிசி பக்கத்தைப் புரட்டினார். "குளிகையைப் புளிப்பானையில ஒளிச்சு வைக்கிறா. முனிவர் பரண்மேல ஏறித் தேடுறார்."

தலைவர் நாற்காலியில் முன்னே சாய்ந்தார். "தம்புசாமி, உனக்கு யோசனை இருக்கா? இதை என் வீட்டுல படிப்பாங்கப்பா. இப்பவே நான் எங்க போறேன், எப்ப வரேன்னு கேக்குறா. நாளைக்கு என் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பானைக்குள்ள போட்டுட்டு, 'முனிவருக்கே இந்த கதி'ம்பா. அப்ப நான் தீர்மானத்துல எப்படிக் கையெழுத்துப் போடுறது? சமூகம் நின்னு போயிடும்."

பண்டிதர் தீர்ப்புச் சொன்னார்: "மாமுனிவர் நைஷ்டிகப் பிரம்மசாரி. பத்தினி கிடையாது."

"இருந்தாங்க" என்றான் தம்புசாமி. வாய் அவனை அறியாமல் பேசிவிட்டது.

"எந்த நூலில்?"

பிரிக்பீல்ட்ஸில் இருந்தாள் என்று சொல்ல முடியுமா?

உபதலைவர் செட்டியாருக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் பிறந்தது. "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? சம்சாரம் ஊர்ல இருக்குன்னு போட்டுட்டாப் போச்சு. நாங்கள்லாம் அப்படித்தானே இங்க இருக்கோம்? முனிவர் மூணு வருஷத்துக்கு ஒருதரம் பறந்து போய்ப் பாத்துட்டு வரட்டும். ஒரு பிள்ளை பிறந்ததும் திரும்பிரட்டும்."

பண்டிதர் ஒத்துக்கொள்ளவில்லை. தம்புசாமி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, பெண்டாட்டியாக வேண்டாம், தங்கச்சியாகவாவது இருக்கட்டுமே என்றான். தங்கச்சி என்றால் அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டிவரும், முனிவருக்குச் சம்பந்தி உண்டாவார், சம்பந்தி எந்த ஊர், எந்த ஜாதி என்று கிள்ளானில் கலகம் வரும் என்றார் காரியதரிசி. சிஷ்யை? சிஷ்யை கத்தக்கூடாது. அடுத்த வீட்டுக்காரி? ஆசிரமத்துக்கு ஏது அடுத்த வீடு? ஒவ்வொரு படியாக இறங்கித் தம்புசாமி கடைசியில் மானுக்கு வந்தான். ஆசிரமத்தில் மான் இருப்பது சாஸ்திர சம்மதம். ஆனால் மான் பேசாது. ஆகவே கிளி.

"கிளி பேசலாம்" என்றார் பண்டிதர், தாராளமாக.

தம்புசாமி அன்று ரயிலில் வரும்போது, கிளியென்றால் என்ன, பேச்சு அவளுடையதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். வீரம்மா குழாயடியில் காத்திருந்தாள்.

"என்னண்ணே, எங்காளு என்ன ஆனா?"

"கிளியாயிட்டா."

வீரம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "பச்சை அவளுக்குப் பிடிக்காதேண்ணே" என்றாள்.

சபைக்கும் பிடிக்கவில்லை. வேதம் ஓதாமல் மிளகாயைப் பற்றிப் பேசுகிற கிளி ஆசிரமத்துக்கு அடுக்காது என்று அடுத்த கூட்டத்தில் பண்டிதர் ஆட்சேபித்தார். கிளி வேதம் ஓதியது. அப்புறம் தொண்டை கட்டி மௌனமாயிற்று. பிறகு 'ஓர் கிளி கிளையில் அமர்ந்திருந்தது' என்று ஒரு வரியாயிற்று.

ஒருநாள் தம்புசாமி துணிந்து, "எழுத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க ஐயா, அச்சே வேண்டாம்" என்று கேட்டான்.

காரியதரிசி வருத்தத்தோடு தலையாட்டினார். "மிஸ்டர் தம்புசாமி, சபைக்குள்ள வந்த சரித்திரம் சபையோட சரித்திரம். திருப்பிக் குடுக்க விதி இல்லை. யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை பாருங்க. கேக்காத காரியத்துக்கு எப்படி விதி போடுறது?"

"ஒரு விதி போட்டுடலாமே."

"போடலாம். அதுக்கு மகாசபை கூடணும். மகாசபை கூடுறதுக்கு முன்னாடி ஒரு புஸ்தகமாவது சபை வெளியிட்டிருக்கணும். அதுக்குத்தான் உங்க புஸ்தகத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்றோம்."

அதனால் தம்புசாமி சீக்கிரம் முடித்தான். சாயங்காலங்களில் லயத்து அறையில் உட்கார்ந்து சபை சொன்னபடி திருத்தி எழுதினான். எழுத எழுதக் கை பழகிவிட்டது. 'சொன்னான்' என்று வருகிற இடத்தில் 'திருவாய் மலர்ந்தருளினார்' தானாக வந்து உட்கார்ந்தது. கொட்டகையில் ஒருநாள் மேஸ்திரி கூப்பிட்டதற்கு, "அடியேன் வந்தனன்" என்று சொல்லிவிட்டு, ஈப்போவுக்குப் போகவேண்டிய பெட்டியைச் சிரம்பானுக்கு அனுப்பினான்.

புத்தகம் அச்சுக்குத் தயாரானபோது சாற்றுகவிகள் வந்து சேர்ந்தன. நூலையும் நூலாசிரியனையும் புகழ்ந்து நாலு பெரிய மனிதர்கள் பாட்டு எழுதி முன்னால் சேர்ப்பது வழக்கம். இங்கே நூலைப் படித்தவர்கள் யாரும் இல்லாததால் பாட்டுகள் ஒருவரை ஒருவர் புகழ்ந்தன. தலைவரைப் புகழ்ந்து பண்டிதர், பண்டிதரைப் புகழ்ந்து காரியதரிசி, காரியதரிசியின் தமையனாரைப் புகழ்ந்து ஜெஞ்சாரோமில் ஒரு தபால்காரர். ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ. சரிகைத் தலைப்பாகை, பின்னால் நீர்வீழ்ச்சி. பக்கம் போதவில்லை. கடைசி நேரத்தில் தலைவரின் மைத்துனர் போட்டோவுக்கு இடம் வேண்டியிருந்தது. அச்சுக்கோப்பவர் ஒரு வரியை எடுத்தால் சரியாக வரும் என்றார். எந்த வரி போனால் கதைக்குச் சேதமில்லை என்று பார்த்தார்கள்.

கிளி போயிற்று.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பண்டிதருக்குப் பாடபேதம் என்றால் உயிர் நடுங்கும். ஒரே நூலுக்கு இரண்டு பிரதிகள் இரண்டு விதமாக இருந்துவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எது உண்மை என்று அடித்துக்கொள்வார்கள், பழைய ஏடுகளுக்கெல்லாம் அந்த கதிதான் நேர்ந்தது என்று ஒரு பிரசங்கம் செய்தார். ஆகவே அரங்கேற்றத்தன்று காலையில் கணபதி ஹோமத்தில் மூலப்பிரதியைச் சமர்ப்பித்துவிட வேண்டும். தம்புசாமி கையாலேயே.

"என் கையால மாட்டேனுங்க."

"ரொம்ப சரி" என்றார் தலைவர். "அடக்கம் இருக்கு பையனுக்கு. நானே போடுறேன்."

கோயில் மண்டபத்தில் நெய்வாசனையோடு எல்லாம் எரிந்தது. மாவுப்பையும் சேர்ந்துதான். பரணும் புளிப்பானையும் முற்றத்து மிளகாயும் எரிகிறபோது பண்டிதர் மந்திரம் சொன்னார். அதை யாரும் மின்சாரம் என்று திருத்தவில்லை.

பகலில் அரங்கேற்றம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து லயத்துச் சனம் நாலைந்து பேர் ரயிலேறி வந்திருந்தார்கள். வீரம்மா பட்டுப்புடவை உடுத்தி முன்வரிசையில் உட்காரப்போய், அது புரவலர்களுக்கு என்று எழுப்பப்பட்டுத் தூணோரம் உட்கார்ந்தாள். மேடையில் தம்புசாமிக்கு ஒரு முக்காலி.

தலைவர் பேசினார். "சபையோர்களே! இந்தப் புத்தகத்தை நான் படிக்கவில்லை. படித்தவன் தலைமை தாங்கினால் பாரபட்சம் வந்துவிடும் என்பதனால் மிகுந்த பிரயாசையோடு படிக்காமல் இருந்தேன். இதில் உள்ள ஒவ்வொரு வரியும் எங்களால் திருத்தப்பட்டது. திருத்தப்படாத வரிகள் நீக்கப்பட்டன. நூலாசிரியர் தம்புசாமி ஒருவர்தான் இதற்குத் தடையாக இருந்தார். அவரும் இப்போது ஒத்துழைக்கிறார்."

கைதட்டல்.

அரங்கேற்றம் என்றால் தடை-விடை உண்டு. சபையில் ஒருவர் எழுந்து நூலின்மேல் ஒரு குற்றம் சொல்ல வேண்டும். ஆசிரியர் எழுந்து அதை முறித்துப் பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் நூல் நிலைபெறும். குற்றத்தையும் பதிலையும் காரியதரிசி முன்கூட்டியே எழுதிக்கொடுத்துப் பாடமாக்கியிருந்தார். முன்பு வேறொரு சபையின் அரங்கேற்றத்தில் ஆசிரியர் பதிலை மறந்துபோய் விழித்ததால், இந்தத் தடவை ஆசிரியர் வாயைத் திறந்ததுமே கைதட்டிவிடும்படி தொண்டர்களுக்கும், ஓங்கி ஊதும்படி நாயனக்காரருக்கும் உத்தரவாகியிருந்தது.

பண்டிதர் வேலாயுதம் எழுந்தார். மேல்துண்டை இறுக்கிக்கொண்டார்.

"தடை! ஸ்ரீலஸ்ரீ கரிச்சான் மாமுனிவருக்கு மனையாள் ஒருத்தி இருந்தாள் என்று பாமரர் சிலர் பேசக் கேட்கிறோம். நூலாசிரியரே, உண்மை உரைப்பீர்! அப்படி ஒருத்தி இருந்தாளா?"

தம்புசாமிக்குப் பதில் தெரியும். 'முற்றும் துறந்த முனிவர்க்கு இல்லறம் ஏது? மனையாள் என்பது அறிவிலார் கட்டுரை' என்று தொடங்கி ஒரு பக்கம். சாப்பிடும்போதும் பெட்டிக்குப் பேர் எழுதும்போதும் முணுமுணுத்துப் பாடமாகியிருந்தது. முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தூணோரத்தில் வீரம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடமாக்கியது முழுதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினான். தலைவர் இருந்தார், பண்டிதர் இருந்தார், அடுத்த மாதம் கொட்டகையில் வேலை இருக்குமா என்ற பயம் இருந்தது. இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் வாழ்நாளில் கத்தியிராத குரலில் கத்தினான்:

"இருந்தா!"

தொண்டர்கள் கைதட்டினார்கள். நாயனம் பிளிறியது. தவில்காரர் தன் பங்குக்கு வெளுத்து வாங்கினார். "இருந்தாய்யா! என்கூட இருந்தா!" என்று தம்புசாமி மறுபடியும் கத்தினான். பின்வரிசைவரை எழுந்து நின்று தட்டினார்கள். பண்டிதர், தோற்றவர் செய்ய வேண்டிய முறைப்படி, கும்பிட்டு உட்கார்ந்தார். தலைவர் ரோஜாமாலையைக் கொண்டுவந்து போட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"சபாஷ். ரத்தினச் சுருக்கம்."

மணி அடித்தது. கரிச்சான் மாமுனிவருக்குப் பெண்டாட்டி கிடையாது என்பது சந்தேகமறத் தீர்ந்தது.

சாயங்கால ரயிலில் மூன்றாம் வகுப்பில் தம்புசாமியும் வீரம்மாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் இனாமாகக் கொடுத்திருந்தார்கள். வீரம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. போட்டோக்களைப் புரட்டிக்கொண்டே வந்தாள். தலைப்பாகைகள் முடிந்து எழுத்து ஆரம்பித்ததும் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேடையில என்னமோ கத்தினீங்களேண்ணே. கை தட்டுல ஒண்ணும் விழல."

"அவ இருந்தான்னு சொன்னேன்."

"அதுதான் எங்களுக்குத் தெரியுமே. தெரியாதவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். கொஞ்சம் கழித்து அவளே சமாதானமாக, "போகட்டும் விடுங்க. காகிதந்தானே போச்சு. அந்த ராஜா தூதன் வாசல்ல நிப்பானே, இவ குளிகையக் குடுக்க மாட்டேம்பாளே, அதச் சொல்லிட்டு வாங்க. வீடு போய்ச் சேர நேரம் இருக்கு."

தம்புசாமிக்கு உயிர் வந்தது. அதுதானே! எரிந்தது காகிதம்தானே! நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்பொழுது தங்கமணியானவள், முகமலர்ந்து..."

"யாரு?"

"தங்கமணி."

"அவ எதுக்கு மலர்றா? அவளுக்குக் கோவம்லண்ணே."

"ஆமா, கோவம். கோவங்கொண்டு, கரங்குவித்து, 'சுவாமி, தேவரீர் திருவுள்ளம்...'"

வீரம்மா அவனையே பார்த்தாள். தம்புசாமி நிறுத்தினான். தலையை உதறிக்கொண்டு மறுபடி தொடங்கினான். 'அருளிச்செய்த' என்று வந்தது. வாயை மூடிக்கொண்டு, உள்ளுக்குள் அவள் இடுப்பில் கைவைத்து நிற்பதை நினைத்துப் பார்த்தான். நின்றாள். வாயைத் திறந்தாள். பண்டிதர் வேலாயுதத்தின் குரல் கேட்டது.

மாலையைக் கழற்றிப் பலகைமேல் வைத்தான். வெளியே ரப்பர் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"வீரம்மா, நீதான் அத்தனை ஞாயித்துக்கிழமையும் கேட்டியே. நீ சொல்லு. தூதன் நிக்கிறான். அவ என்ன சொன்னா?"

வீரம்மா யோசித்தாள். புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, நிஜமாகவே யோசித்தாள். ஒருதரம் ஏதோ நினைவுக்கு வந்தாற்போல முகம் மலர்ந்தது. சிரிப்பு மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் வடிந்தது.

"எனக்கெங்கண்ணே தெரியும்?" என்றாள். "அவ வாயத் தொறந்தாலே நாங்க சிரிக்க ஆரம்பிச்சிடுவோம். வார்த்தைய யாரு கேட்டா?"